கரையாத பங்கு

அச்சரப்பாக்கம்
10-11-2024

அன்புள்ள செல்விக்கு,

அண்ணன் மோகன் எழுதுவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாது, அரைப் பரீட்சையா எழுதிகினு கீறீங்க?” என்று சிரித்தாள். ரேணுகா வாய்க்குப் பூட்டு கிடையாது, உனக்கே தெரியும். அந்த வரியை அடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. குவாரிக் குழியில் தண்ணீர் நிற்பதால் வெடி வைக்கவில்லை. உடைத்துக் குவித்த கல் இருக்கிறது, அதனால் கிரஷர் மட்டும் ஓடுகிறது.

நான் போன் எடுப்பதில்லை என்று அண்ணியிடம் சண்டை போட்டாயாம். இத்தனை வருஷம் கிரஷர் சத்தத்தில் நின்று காது மந்தமாகிவிட்டது. நீ ஒன்று கேட்டால் நான் ஒன்று சொல்கிறேன். எழுத்தென்றால் நிதானமாகப் படிக்கலாம். சூப்பர்வைசர் ஆன பிறகு எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், எழுத நேரமும் இருக்கிறது. நீயும் கையாலேயே எழுது.

எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. கல் உடைக்கும் மிஷினில் என்னோடு இருக்கும் கருப்பனை நீ பார்த்திருக்கிறாய், நம் தெருப் பையன். அவனுக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலை வந்திருக்கிறது. போவதா இருப்பதா என்று குழம்பிக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் மிஷின் நின்றதும் எங்களோடு வேலை செய்யும் பார்வதம் எல்லோருக்கும் வெல்லம் உடைத்துக் கொடுப்பாள். வெல்லம் தின்றால் உள்ளே போன தூசி கரைந்துவிடும் என்பது எங்கள் கிரஷர் வழக்கம். நேற்று வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு கருப்பன் கேட்டான்: “அண்ணாத்த, உன் தங்கச்சி தூசியப் பத்திதானே படிச்சிகினு கீது? இது நெஜமா கரையுதா இல்லியான்னு அதுகிட்ட ஒரு வார்த்த கேளேன். கரையும்னா நான் இங்கியே இருந்துட்றேன்.”

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களையெல்லாம் இந்த வேலைக்குக் கூட்டி வந்தவன் நான்தானே. கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன் மோகன்

லூலியோ, ஸ்வீடன்
28-11-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதிக்கொண்டது. உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் மேஜையில் கொஞ்சம் சாம்பல் நிறத் தூள் விழுந்தது. உன் சட்டைப்பையில் இருந்து வந்திருக்கும். துடைக்க மனசு வரவில்லை, அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

இங்கே மத்தியானம் இரண்டரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ரசம் வைத்தால் அறைக்கூட்டாளி தும்முகிறாள். மற்றபடி நலம்.

காது மந்தம் என்கிறாய். பக்கத்துத் தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தால் முதலில் எழுந்திருப்பவன் நீ. சரி, நம்புகிறேன்.

கருப்பன் அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. வெல்லத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் ஒரு பஸ் திண்டிவனம் போகும், ஒன்று செங்கல்பட்டு போகும். ஒன்றில் ஏறியவன் மற்றதில் இருப்பவனைப் பார்க்கப் போவதில்லை.

தூசி தானாகக் கரையுமா என்பதுதான் இங்கே என் வேலையே. நுரையீரலுக்குள் இருக்கும் நீரை நாங்கள் குடுவையில் கலந்து வைத்துக்கொள்கிறோம். இரண்டு வகை உண்டு. ஒன்று, காற்றுப்பைகளின் உட்சுவரில் படிந்திருக்கும் நீர், உப்புத் தண்ணீர் மாதிரி. இன்னொன்று, புளித்த மோர் அளவுக்குப் புளிப்பு. உள்ளே வரும் தூசியை நம் உடம்பின் காவல் செல்கள் விழுங்கி, இந்தப் புளிப்பு நீரை விட்டுத்தான் கரைக்கப் பார்க்கும். உடம்புச் சூட்டிலேயே குடுவையை வைத்து, எது எவ்வளவு கரைகிறது என்று வாரக்கணக்கில் பார்ப்போம். இங்கே இரும்புச் சுரங்கத் தூசியைப் பார்க்கிறேன். நம் ஊர்த் தூசியைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அதனால் எனக்கு ஒரு பொட்டலம் அனுப்பு. தரையில் கூட்டி அள்ளாதே. துடைப்பமோ கையோ படாத இடத்தில், ஆள் உயரத்தில், தானாகப் படிந்த மெல்லிய தூசியாக இருக்க வேண்டும். என்னோடு படிக்கும் ஜெரோம் கிறிஸ்துமஸுக்குக் கோவளத்தில் அவன் வீட்டுக்கு வருகிறான். அவனிடம் கொடுத்துவிடு. அண்ணி மோர் மிளகாய் போட்டிருந்தால் அதையும்.

செங்கல்பட்டு போகும்போது பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வா. வேலைக்கு அல்ல, எனக்காக.

பாசமுள்ள தங்கை,
செல்வி

அச்சரப்பாக்கம்
2-1-2025

அன்புள்ள செல்விக்கு,

இந்தக் கடிதத்தையும் பொட்டலத்தையும் ஜெரோம் கையில் கொடுக்கிறேன். மோர் மிளகாய் பெரிய பொட்டலம், தூசி சின்னப் பொட்டலம். மாற்றிக் குழம்பில் போட்டுவிடாதே.

நீ சொன்ன மாதிரியே துடைப்பம் படாத இடமாகப் பார்த்து, குளித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடுத்தேன். கிரஷர் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன், அப்படி ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. பஞ்சு போல இருந்தது தூசி. பார்வதம் பக்கத்தில் நின்று ஒரு கும்பிடு போட்டாள்.

கருப்பன் ஊரப்பாக்கத்துக்காரர்களிடம் பொங்கல் கழித்துப் பதில் சொல்வதாகத் தவணை கேட்டிருக்கிறான். எல்லாம் உன் குடுவைக்குள்தான் இருக்கிறது.

நாளைக்குக் காலையில் செங்கல்பட்டு போய் அங்கிருந்து திருப்போரூர் வழியாகக் கோவளம் போகிறேன். எக்ஸ்ரேவுக்கு இன்னொரு நாள் போகலாம். அது எங்கே ஓடிவிடப் போகிறது. எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் சளி.

அன்புடன்,
மோகன்

லூலியோ
9-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். புளிப்பு நீரில் போட்ட உன் தூசியில் ஏறக்குறைய பாதி கரைந்துவிட்டது. நான் எதிர்பார்க்கவே இல்லை. நம் ஊர்க் கருங்கல் தூசி இவ்வளவு கரையாது என்றுதான் நினைத்திருந்தேன். அளவைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். “என் அண்ணன்” என்றேன்.

ஆனால் அண்ணா, இது பாதிக் கதைதான். மீதியில் சிலிக்கா என்ற மணல் சத்து எவ்வளவு என்று இன்னும் பார்க்க வேண்டும். கரைந்துவிட்டால் நல்லது என்றும் எப்போதும் சொல்ல முடியாது, சில உலோகங்கள் கரைந்தால் ரத்தத்துக்குப் போகும். அதனால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்.

இன்னொன்று. பஸ் நிறுத்தத்திலிருந்து ஜெரோம் வீடு கூப்பிடு தூரம். வருவதற்குள் நீ இரண்டு இடத்தில் நின்றாயாம். மணலில் உட்கார்ந்துவிட்டாயாம். அவன் அம்மா கொடுத்த டீ ஆறிப்போகும் வரை பேசவே இல்லையாம். ஜெரோம் இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். எக்ஸ்ரே எடுத்தாயா?

பாசத்துடன்,
செல்வி

அச்சரப்பாக்கம்
1-3-2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது பார், அதுதான் விசேஷம். சாயங்காலம் மிஷினுக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டியதும் எல்லோருக்கும் சொன்னேன். “பாதி கரையுதாம்” என்றேன். அவ்வளவுதான். பார்வதம் அன்றைக்கு ஆளுக்கு இரண்டு துண்டு வெல்லம் கொடுத்தாள். “பாதி தானா கரையுதுன்னா மீதிய வெல்லம் பாத்துக்கும்” என்று சட்டமாகச் சொல்லிவிட்டாள். அவளிடம் உன் பஸ் கதையெல்லாம் எடுபடாது.

கருப்பன் அங்கேயே போனை எடுத்து ஊரப்பாக்கத்துக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டான். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். “நைனா போனப்பறம் நீதான் அண்ணாத்த எனக்கு” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டி வந்தவர்களைக் கெடுத்துவிட்டோமோ என்று மனசுக்குள் ஒரு கல் கிடந்தது, அது இறங்கியது.

மாஸ்க் போடச் சொன்னேன். போட்டுக்கொண்டால் மூச்சு முட்டுகிறது என்று ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வெயிலும் ஆரம்பித்துவிட்டது.

கோவளத்தில் கடலைப் பார்த்து நின்றேன். அச்சரப்பாக்கத்துக்காரன் கடலைப் பார்த்தால் நிற்க மாட்டானா? ஜெரோமுக்கு அது தினசரி பார்க்கும் தண்ணீர்.

எல்லாம் அம்மன் அருள். சுவிட்ச் போர்டுக்கு மேலே அம்மன் படம் வைத்த பலகை இருக்கிறதே, அதிலிருந்துதான் தூசி எடுத்துக் கொடுத்தேன். அங்கே மட்டும்தான் யாரும் துடைப்பத்தைக் கொண்டுபோக மாட்டார்கள். அவளே கை கொடுத்துவிட்டாள்.

அன்புடன்,
மோகன்

லூலியோ
16-3-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் வரும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இதைப் படம் எடுத்து உன் வாட்ஸாப்புக்கும் அனுப்பியிருக்கிறேன். தயவு செய்து உட்கார்ந்து படி.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மன் படத்துப் பலகை. வெள்ளிக்கு வெள்ளி அங்கே விபூதி விழும், குங்குமம் விழும். நான் ஓடிப்போய் மீதித் தூசியை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். முதல் தடவையே சிவப்பாகச் சில துகள் பார்த்திருந்தேன். தினமும் இரும்புத் தூசியைப் பார்க்கிற கண், துரு என்று விட்டுவிட்டேன். துரு இல்லை அண்ணா. குங்குமம். கரைந்த நீரில் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறி இருந்ததும் விபூதியால்தான்.

கரைந்தது விபூதி. கல் அப்படியே கிடக்கிறது.

உன் மேல் தப்பில்லை. துடைப்பம் படாத இடம் என்று கேட்டவள் நான். நம் ஊரில் அப்படி ஓர் இடம் சாமி இருக்கும் இடம்தான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பனிக்குள் உட்கார்ந்து புத்தி உறைந்துவிட்டது.

மீதியில் நிறைய சிலிக்கா. அது இந்த ஜென்மத்தில் கரையாது. காவல் செல் அதை விழுங்கும், கரைக்க முடியாமல் செத்துப்போகும். உள்ளே இருந்த கல் வெளியே விழும். அடுத்த செல் வந்து அதையே விழுங்கும். செத்த இடமெல்லாம் தழும்பாகும். தழும்பு விழுந்த இடத்தில் காற்று ஏறாது. அதற்கு சிலிகோசிஸ் என்று பேர்.

இப்போது உன்னைப் பற்றி. அண்ணியிடம் கேட்டேன். முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள். மாடியில் துணி எடுக்கப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறாயாம். உன் காதுக்கு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம். உன் கடிதங்கள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்தன தெரியுமா? இப்போது எடுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

கருப்பன் அண்ணனிடம் உடனே சொல். அந்த வேலை இன்னும் இருக்கும்.

செல்வி

அச்சரப்பாக்கம்
5-4-2025

செல்விக்கு,

படித்தேன். வாட்ஸாப்பில் இரண்டு நீலக் கோடும் விழுந்திருக்கும், நீ பார்த்திருப்பாய்.

ஊரப்பாக்கத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். நானே ரகசியமாகப் போன் பண்ணிக் கேட்டேன்.

நீ அங்கிருந்து ஒரு நாள் பாதி கரையும் என்கிறாய், இன்னொரு நாள் கரையாது என்கிறாய். உனக்குக் குடுவையைக் கழுவிவிட்டால் முடிந்தது. நான் காலையில் போய் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். கோபமாகத்தான் இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தப் பலகைப் பக்கம் நான் போவதே இல்லை இப்போது.

மூன்று வெள்ளிக்கிழமை வாயைத் திறக்கப் பார்த்தேன், வரவில்லை. கரையாது என்று சொன்னால் அடுத்த கேள்வி, “அப்போ உனக்கு?” என்றுதான் வரும். கூட்டி வந்தவனுக்கே மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன. முதலாளிக்குத் தெரிந்தால் என் நாற்காலி போய்விடும்.

அதனால் நீ எழுது. என் பேருக்கு அல்ல, அவர்கள் பேருக்கு. உள்ளது உள்ளபடி எழுது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் நான் படித்துக் காட்டுகிறேன். ஆனால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. இருந்தால் நீ என் தங்கை இல்லை.

மோகன்

லூலியோ
20-4-2025

(அண்ணா, இந்த உறையைப் பிரிக்காமல் கொண்டுபோய் அவர்கள் முன்னால் பிரி. நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.)

அன்புள்ள கருப்பன் அண்ணனுக்கும், பார்வதம் அக்காவுக்கும், கிரஷரில் இருக்கும் எல்லோருக்கும்,

மோகன் தங்கை தமிழ்ச்செல்வி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

பாதித் தூசி கரையும் என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பியவள் நான். அது தவறு. நான் பார்த்த தூசியில் விபூதி கலந்திருந்தது. கரைந்தது அதுதான். அதைக் கவனிக்காமல் எழுதியதற்கு உங்கள் எல்லோரிடமும், முக்கியமாகக் கருப்பன் அண்ணனிடமும், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வேலையை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.

உண்மை இதுதான். நீங்கள் உடைக்கும் கல்லின் தூசி நுரையீரலில் கரையாது. உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும், முடியாமல் தழும்பு போடும். உள்ளே போனதை வெளியே எடுக்க இன்றைக்கு மருந்து இல்லை. இனிமேல் போகாமல் தடுக்கலாம். கல் விழும் இடத்திலும் பெல்ட்டிலும் தண்ணீர் தெளித்தால் தூசி பறக்காது. உங்கள் கிரஷரில் அதற்குக் குழாய் இருக்கிறது என்றும், ஈரமானால் சல்லடை அடைக்கிறது என்று மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சல்லடை அடைத்தால் தட்டிவிடலாம். நெஞ்சு அடைத்தால் தட்ட முடியாது. துணி கட்டினால் போதாது, முகத்தோடு ஒட்டும் மாஸ்க் வேண்டும். எல்லோரும் எக்ஸ்ரே எடுங்கள். சளியிலும் காசம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தூசி ஏறிய நெஞ்சில் அது சீக்கிரம் வரும்.

பார்வதம் அக்கா, வெல்லத்தை நிறுத்த வேண்டாம். வேலை முடிந்து வாய்க்கு இனிப்பாக ஏதாவது வேண்டும். மருந்து என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இதைப் படித்துக் காட்டுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. எழுதவில்லை. உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவு நேரம் அவர் படித்தாரே, எங்கெங்கே நின்று நின்று படித்தார் என்று கவனித்தீர்களா?

உங்கள் தங்கை,
தமிழ்ச்செல்வி

அச்சரப்பாக்கம்
10-5-2025

அன்புள்ள செல்விக்கு,

உறையைப் பிரிக்காமல்தான் கொண்டுபோனேன். நேற்று பூஜை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். படித்தேன். அந்தக் கடைசி வரி வரும் வரைக்கும் நான் எங்கேயும் நிற்காமல் படிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலையைத் தூக்கினால் யாரும் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கருப்பன்தான் கேட்டான். “எத்தினி நாளா அண்ணாத்த?”

“ரெண்டு மழையா” என்றேன்.

பார்வதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம், “எனக்கும் ராத்திரில படுத்தா மூச்சு இஸ்துகினு வருது. சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவியோன்னு சொல்லல” என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டு, ஒரே வெல்லத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

 கருப்பன் எழுந்து போய்விட்டான்.  ஆனால் இன்றைக்குக் காலையில் நான் போவதற்கு முன்னாலேயே தண்ணீர்க் குழாயைப் பிரித்துச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான். ஒத்தாசைக்குப் போனேன், ஸ்பேனரை வாங்கிக்கொண்டான், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கோபம் நியாயம். நான் காத்திருக்கிறேன்.

முதலாளி வந்தார். தண்ணீர் ஓடாமல் மிஷின் சுவிட்சைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “இன்னா மோகன், யூனியன் ஆரம்பிச்சிட்டியா?” என்றார். எனக்குப் பதில் சொல்ல மூச்சு போதவில்லை. மற்றவர்களும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தண்ணீரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்றைக்குத் தண்ணீர் ஓடியது. நாளைக்கு ஓடுமா, என் நாற்காலி இருக்குமா, தெரியவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் செங்கல்பட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போகிறோம். பார்வதம் புளிசாதம் கட்டுகிறாளாம், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

உன் மேல் முதலில் பயங்கரக் கோபம் வந்தது. ஒரு வார்த்தையும் எழுதாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நீ என் தங்கை இல்லை என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

இனிமேல் கடிதம் வேண்டாம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, போன் போடச் சொல்லி அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் நாலைந்து தரம் பேசியிருப்போம். என்னால் வேகமாகப் பேச முடியாது. நடுவில் சத்தம் நின்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. நான்தான் இருப்பேன்.

அண்ணன்,
மோகன்